யாரோ கேட்டது

"ஜீவனஹள்ளியிலே பெரிய வீடா எடுத்திருக்கேன். நீங்களும் அம்மாவும் எங்களோட வந்துடுங்கப்பா" என்று மறுபடியும் கெஞ்சினான் நரேஷ்.

"வந்தா, அப்புறம் முதியோர் இல்லத்துல தள்ளுவே. தினமும் பாக்கறேனே, உலகமே அப்படித்தான் இருக்கு!" என்று பச்சைமுத்து போனை நீட்டினார். திரையை விரலால் தள்ளத் தள்ள, பெற்றவர்களைத் துரத்திய பிள்ளைகளின் வீடியோவாகவே வந்தது.

"இது உலகம் இல்லப்பா. இந்த போன்ல யாரோ எப்பவோ இதைக் கேட்டிருக்கணும். அதையே பிடிச்சுக்கிட்டுக் காட்டுது."

"நான் எதையும் கேக்கலை. வர்றதைத்தான் பாக்கறேன். நீ கெளம்பு."

நரேஷ் கண்ணைத் துடைத்தபடி படியிறங்கினான். அம்மா காந்தா தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

மகன் தனிக்குடித்தனம் போன அன்று, எழுதத் தெரியாத அவள்தான் அந்த போனை வாயருகே வைத்து அழுதபடி கேட்டிருந்தாள்: "கல்யாணமான பிள்ளை அம்மாவை மறந்துடுவானா?"