தட்டச்சு மென்பொருளுக்கு ஒரு பூட்டு

“உவன் ஜெயரூபனுக்கு என்ன விசரோ!” என்றாள் தக்சாயினி, கணினித் திரையைப் பார்த்து.

அச்சுவேலி அச்சகத்தில் கணினிகளைக் கவனிக்கும் வேலையில் அவளுக்கு அன்று முதல் நாள். லினக்ஸ் கணினியில் இருந்த எல்லாவற்றையும் புதுப்பித்தாள். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் மட்டும் அசைய மறுத்தது. முன்பு அந்த வேலையில் இருந்து, இப்போது கனடாவுக்குப் போய்விட்ட ஜெயரூபன் அதைப் புதுப்பிக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தான்.

“சரியான பஞ்சிக்காரன், புதுப்பிக்க அலுப்பிலை பூட்டியிருக்கிறான்” என்று முணுமுணுத்தபடி பூட்டை எடுத்தாள். புதுசு ஏறியது.

மறுநாள் காலை, தட்டச்சு செய்யும் குகதாசன் அண்ணை ஒரு நினைவு மலரைத் தொடங்கினார். திரையில் ‘அஞ்ச்சலி’ என்று விழுந்தது. அழித்தார். அடுத்து, ‘குடும்ப்பத்தினர்’.

முதலாளி நாகலிங்கம் எட்டிப் பார்த்தார்.

“என்ன குகன் உது? பின்னேரம் ஆக்கள் வந்திடுவினம். ஏலாட்டிச் சொல்லும், வேறை ஆளைப் பாப்பம்.”

அண்ணை கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

தக்சாயினி வெளியே போய் ஜெயரூபனுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தாள்.

“ஐயோ, பூட்டை எடுத்துப்போட்டியளோ?” என்று அவன் பதறினான். “அண்ணைக்குக் கை நடுங்கிறது. ஒரு எழுத்து ரெண்டு தரம் அமத்துப்படும். படக்கெண்டு விழுகிற ரெண்டாவதை விட்டிடுற மாதிரி நிரலை மாத்தி, நானே அதை ஓடுற மென்பொருளாக் கொம்பைல் பண்ணிப் போட்டனான். அப்டேற் செய்தால் எல்லாருக்கும் வாற புதுசு மேலை ஏறி என்ரையை அழிச்சுப்போடும். அதாலைதான் பூட்டினது. நான் மாத்தின நிரல் உந்தக் கணினியிலையே கிடக்கு, திருப்பி ஏத்துங்கோ.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“சொல்லேல்லை. ரோசக்கார மனுசன். தெரிஞ்சால் வேலையை விட்டிட்டுப் போயிடுவார்.”

தக்சாயினி அவனுடையதைக் கொம்பைல் செய்து ஏற்றினாள். பூட்டினாள். பிறகு முதலாளிக்குக் கேட்கும்படி, “பிழை என்னிலை ஐயா. நேற்று நான் செய்த அப்டேற்றாலை வந்த வினை. அண்ணையிலை ஒண்டுமில்லை” என்றாள்.

முதலாளி அவளை முறைத்துவிட்டுப் போனார்.

இப்போது எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“ஜெயரூபனோடைதானே கதைச்சனீர்?”

“ஓ… ஓம்.”

“எனக்கு எப்பவோ தெரியுமெண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதையும், பிள்ளை. எனக்குத் தெரியாமல் செய்துபோட்டன் எண்டு பெடியன் அங்கை சந்தோசமா இருக்கிறான்.”