வேங்கைக் கதவு

கதவின் அந்தப் பக்கம் என் குழந்தை இருமிக்கொண்டிருந்தான்.

இரண்டு வயது வாண்டு. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்து வருவதற்குள் படுக்கையறைக் கதவைச் சாத்தி, கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். உள்ளே மெத்தைமேல் இஸ்திரிப் பெட்டி. அணைக்காமல் போனவள் நான்தான், பாவி.

மெயினை அணைத்தாயிற்று. ஆனாலும் கதவடியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகப் போகலாமென்றால் மூன்றாவது மாடி, கம்பி வேறு.

என் கணவர் கடப்பாறையால் கதவை இடித்தார். சிராய்ப்புதான் விழுந்தது.

அசல் வேங்கை மரம். கரையான் தொடாது, துளை போடாமல் ஆணி இறங்காது என்று தச்சர் அடித்துச் சொல்லிச் செய்துகொடுத்த கதவு. வருகிறவர்களையெல்லாம் இவர் தட்டிப் பார்க்கச் சொல்வார். திருடனுக்குப் பாட்டன் வந்தாலும் முடியாது என்பார். இப்போது வீட்டுக்காரனாலேயே முடியவில்லை.

கீழ்வீட்டு அக்கா ஓடிப்போய், தெருமுனைப் பட்டறையிலிருந்து அந்தத் தச்சரையே இழுத்து வந்துவிட்டாள்.

அவர் கதவைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. என் பிள்ளைக்காக மனுஷன் எப்படிப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஏதாவது செய்யுங்களேன் என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

உள்ளே இருமல் நின்றது.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், பதிலே இல்லை.

"தள்ளிக்கங்கண்ணே" என்றார் தச்சர். கடப்பாறையைத் தொடவில்லை. கதவின் கீழ்ப்பாதியில் இருந்த இரண்டு பலகைகளில் இடப்பக்கத்துப் பலகையை மட்டும் உதைத்தார்.

ஒரே உதை. அட்டைப்பெட்டி மாதிரி பிளந்தது.

தோள்வரை கையை விட்டு, சுருண்டு கிடந்தவனை இழுத்து என் மடியில் போட்டார். முதுகில் தட்டினேன். இருமினான். பிறகு வீறிட்டு அழுதான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அக்கா ஓட்டை வழியாகக் கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, மெத்தைமேல் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். தச்சர் காலில் என்ன பலம் என்று வியந்தாள்.

என் கணவர் மட்டும் உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தார். மேலே வேங்கை நிறத்துப் பாலிஷ். உள்ளே வெள்ளை வெளேரென்று, தீப்பெட்டிக்குப் போகிற இலவ மரம்.

"இந்த ஒண்ணு மட்டுந்தாண்ணே," என்றார் தச்சர் தரையைப் பார்த்தபடி. "பலகை பத்தல."

என் கணவர் கையை ஓங்கினார்.

ஓங்கிய கையில் குழந்தையைக் கொடுத்தேன்.