குளக்கரை பெஞ்ச்

பத்து வருடம் கழித்து எங்கள் பெருநகரம் எப்படி இருக்கும் என்று அட்டையில் செய்து காட்டுவது என் வேலை. அதில் அரிசி அளவு மனிதர்களை ஒட்டும்போது சொந்தக்காரர்களை நுழைத்துவிடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். இப்போது குப்பைமேடு இருக்கும் இடத்தில் ஒரு குளம் வெட்டி, கரை பெஞ்சில் சிவப்புப் புடவையோடு என் மனைவியையும் வழுக்கைத் தலையோடு என்னையும் உட்காரவைத்திருந்தேன். திட்டப் பிரிவில் அந்தக் குளத்துக்காக மல்லுக்கட்டியவள் அவள்தான்.

குளமா, கார் நிறுத்துமிடமா என்று முடிவெடுக்கும் கூட்டம் அன்று. காலையில் தூசி தட்டப் போனால், பெஞ்சில் எங்கள் நடுவே மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி. ஒன்பது, பத்து வயது இருக்கும்.

"நீயா ஒட்டினே?" என்று கூட வந்த மனைவியைக் கேட்டேன்.

"நான் எதுக்கு ஒட்டப்போறேன்?" என்று குனிந்து அந்தச் சிறுமியை உற்றுப் பார்த்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்துதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். கூட்டம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

கல்யாணமாகி எட்டு வருடம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்தில் தலைவர் பெஞ்சைக் காட்டி, "இந்தப் பாப்பா யாரு?" என்றார்.

"குளம் வந்தா அங்க விளையாடப்போறவ சார்," என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். குளம் ஜெயித்தது.

மாலையில் மாதிரி நகரத்துக்கு உறை போட இருவரும் வந்தோம். பெஞ்சில் நாங்கள் மட்டும் இருந்தோம். சிறுமி கரையில் நின்றாள். போன மாதமே காய்ந்துபோன நீலப் பெயிண்டில், அவள் எதிரே, வட்ட வட்டமாக அலை விரிந்துகொண்டிருந்தது.