பச்சை எரியும் வீடு

ஒவ்வொரு வீட்டிலும் பேச்சில் பாதியாவது பெண்ணின் குரலாக இருத்தல் வேண்டும் என்பது அரசின் சமநிலைத் திட்டம். கூடத்துச் சுவரிலுள்ள கருவி அதனை அளந்து பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிரும். சிவப்பு எரிந்தால் அந்தப் பகுதியின் ஆய்வாளரே மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மரகதவல்லியின் வீட்டில் ஒருமுறை சிவப்பு எரிந்தது. அன்றிலிருந்து கணவன் தயாபரன் அவளைத் தினமும் கருவியின் எதிரே அமர்த்திச் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் செய்தான். காதில் இயர்போனுடன் பாட்டுக் கேட்டபடி அவன் அருகிலேயே இருப்பான். அவள் உதடுகள் நின்றால் முதுகில் அடி விழும். விளக்கு பச்சைக்கு மாறியது.

இன்று ஆய்வாளர் ரெஜினா அம்மையார் வருகை தந்தார். தயாபரன் பணிவுடன் எழுந்து, தானே காபி போடச் சமையலறைக்குச் சென்றான்.

மரகதவல்லி மெல்லக் கேட்டாள்: "மேடம், செய்திக்கு நடுவுல, 'இவரு அடிக்கிறாரு, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு தினமும் சேத்துப் படிச்சேனே. யாருக்கும் கேக்கலையா?"

"அது யாரு பேசுறாங்கன்னுதாம்மா பாக்கும். என்ன பேசுறாங்கன்னு பாக்காது."

"இப்ப நீங்க கேட்டுட்டீங்கல்ல?"

ஆய்வாளர் விளக்கை நிமிர்ந்து பார்த்தார். "பச்சை எரியிற வீட்டுலருந்து புகார் போனா, இத்தனை நாளா என்ன பாத்தேன்னு என்னையத்தாம்மா கேப்பாங்க."

காபி வந்தது. அம்மையார் அருந்திவிட்டு எழுந்தார். "உங்க வீட்டம்மா நல்லாவே பேசுறாங்க சார்."

கதவு சாத்தப்பட்டது.

"அப்படி என்ன பேசுன?" என்றான் தயாபரன்.

மரகதவல்லி தானாகவே செய்தித்தாளை எடுத்து, அதில் உள்ளதை மட்டும் உரக்கப் படிக்கத் தொடங்கினாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது.