கோணல் தோல்

வடிவும் கோமுவும் ஒருவருடைய தொண்டைப்புண்ணில் அடுத்தடுத்துக் குடியிருந்த கிருமிகள். கிருமிகளுக்குப் பிள்ளை பெறுவதென்றால் தன்னையே எழுத்துக்கு எழுத்து படியெடுப்பதுதான். வடிவு மகா கறார். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் பிள்ளையை அழித்துவிட்டு மறுபடி எடுப்பாள். அதைத் திருத்தம் என்பாள். கோமு அவசரக்காரி. அவள் பிள்ளைகளில் பாதி பிறந்த கையோடு செத்தன. தப்பியதில் ஒருத்திக்குத் தோல் கோணல்.

“இதெல்லாம் ஒரு பிள்ளையா?” என்று வடிவு முகத்தைச் சுளிப்பாள்.

ஒருநாள் மேலேயிருந்து மாத்திரை கரைந்து இறங்கியது. வடிவு திரும்பிப் பார்ப்பதற்குள் அவளுடைய பிள்ளைகள் அத்தனையும் ஒரே மாதிரி வெடித்துச் செத்தன. கோமுவும் போய்விட்டாள். கோணல் தோல்காரி மட்டும் அசையாமல் நின்றாள். மருந்து அவள் தோலில் ஒட்டவேயில்லை.

வடிவின் தோலும் விரிசல் விட ஆரம்பித்தது.

“ஐயோ பெரியம்மா!” என்று கோணல் தோல்காரி ஓடிவந்தாள். “என்னை மாதிரி உங்க வீட்டுல ஒருத்திகூடவா பொறக்கலை?”

“பொறந்தாடி,” என்றாள் வடிவு. “இதே தோலோடதான் பொறந்தா. நான்தான் திருத்திட்டேன்.”