சரணம் எங்கே?

"மாமி, ஒரு சின்ன உதவி. சாயந்தரம் கொலுவுக்கு வரோம். சத்யா பாடுவா. பாடினதும் 'சூப்பர்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

போனில் ஸ்ரீவித்யா. மாடம்பாக்கம் காலனியில் கொலு வைத்த வீடுகளுக்கெல்லாம் இதே போன்.

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"பாட்டு கிளாஸை விட்டுடறேன்னு பிடிவாதம் மாமி. நாலு பேர் தட்டிக் கொடுத்தாத்தான் மனசு மாறும்."

"பாடட்டும், பார்க்கலாம்." போனை வைத்துவிட்டாள்.

மாலையில் அம்மாவும் பெண்ணும் கிளம்பினார்கள்.

முதல் வீட்டில் சத்யா பாடி முடித்ததும், "சூப்பர்டி செல்லம்!" சுண்டல் வந்தது.

அடுத்த வீட்டில் சீரியல். டி.வி.யின் சத்தத்தை மட்டும் குறைத்தார்கள். "அருமை! டி.வி.யிலேயே பாடலாம்!" சொன்னவரின் கண் டி.வி.யில்தான் இருந்தது.

மூன்றாவது வீட்டில் பாட்டு முடிவதற்குள் சுண்டல் பொட்டலம் கைக்கு வந்துவிட்டது. ஸ்ரீவித்யா அங்கே புதுப் பொம்மையின் விலை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, எல்லாரும் எப்படிப் பாராட்டறா!" என்றாள் வழியில்.

சத்யா சுண்டல் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள்.

கடைசியாக அபிதகுஜாம்பாள் வீடு. மாமி ஃபேனை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ம், பாடு."

பாடினாள்.

"பல்லவி ஆச்சு, அனுபல்லவி ஆச்சு. சரணம் எங்கே?"

சத்யா சட்டென்று நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள்.

"முழுங்கிட்டியா? மறுபடி பாடு. அவசரப்படாதே, யாரும் துரத்தலை."

ஸ்ரீவித்யாவுக்கு முகம் சிவந்தது. "மாமி, குழந்தை..."

"நீ சும்மா இரு."

சத்யா மறுபடி பாடினாள், இந்த முறை சரணத்தோடு. நடுவில் ஒரு இடத்தில் தடுக்கியது. மாமி வாய் திறக்காமல் தொடையில் தாளம் போட்டபடி காத்திருந்தாள். பாட்டு முடிந்தது.

"அந்த இடம் இன்னும் படியலை. சரி பண்ணிண்டு சரஸ்வதி பூஜையன்னிக்கு வந்து பாடு."

அவ்வளவுதான். சூப்பர் வரவேயில்லை.

தெருவுக்கு வந்ததும் ஸ்ரீவித்யா வெடித்தாள். "என்ன மனுஷி! போன் பண்ணிச் சொல்லியும் இப்படியா? பச்சைக் குழந்தை மனசை ஒடிச்சு... நீ கவலைப்படாதேடா. கிளாஸை விடறதுன்னா விட்டுடு."

"விடலைம்மா."

"என்னது?"

"அந்த இடத்தைப் பாட்டு டீச்சர்கிட்ட கேக்கணும். நாளைக்குக் கிளாஸ் உண்டா?"

ஸ்ரீவித்யா நின்றுவிட்டாள். "சரணம் மறந்துபோச்சுன்னு அந்த மாமி அத்தனை பேச்சு பேசினா. உனக்குக் கோபமே வரலையா?"

"மறக்கலைம்மா. எல்லா வீட்டுலயும் வேணும்னேதான் விட்டேன். யாராவது கேக்கறாளான்னு பார்த்தேன்."

"அடிப்பாவி! மத்த வீட்டுல ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

சத்யா பொட்டலத்தைப் பிரித்து ஒரு சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீயும்தான் பக்கத்துல இருந்தேம்மா."