மேலாளரின் மீன்

புகார்ப் பிரிவுக்குத் தலைவராக இரண்டு பேரில் யாரைப் போடுவது என்று முடிவாக ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் மேலாளர் தன் மீன் தொட்டியை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போனார்.

புதன்கிழமை மீன் மல்லாந்து மிதந்தது.

"உங்க பதவி உயர்வும் பக்கத்துலயே மிதக்குது பாருங்க," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு."

கடை கடையாக ஏறி இறங்கி, வாலில் கறுப்புப் புள்ளி வைத்த ஆரஞ்சு மீனைப் பிடித்துவிட்டார். புது மீனை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. தண்ணீரின் சூடு சட்டென்று மாறினால் அதுவும் போய்ச் சேரும். பையோடு மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே அவிழ்த்துவிட்டார். அலுவலக வேலையில் இத்தனை அக்கறையை அவர் காட்டியதே இல்லை.

திங்களன்று மேலாளர் தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார்.

"நல்லா பாத்துக்கிட்டீங்களா?"

"பெத்த பிள்ளை மாதிரி சார்."

"சாகக் கிடந்த கிழட்டு மீனாப் பாத்துத்தான் உங்ககிட்ட கொடுத்தேன். இது இந்தத் துள்ளு துள்ளுதே!"

உதவியாளர் கைகளைக் கூப்பினார். "மன்னிச்சுடுங்க சார்..."

"எதுக்கு? உங்க போட்டியாளருக்கும் இப்படி ஒண்ணு கொடுத்தேன். செத்துப்போச்சுன்னு உண்மையைச் சொல்லிட்டு நிக்கிறார். அவரைப் புகார்ப் பிரிவுல உட்கார வச்சா கம்பெனி என்னத்துக்கு ஆகும்? நாளையிலிருந்து அந்த நாற்காலி உங்களுக்குத்தான்!"